சேறு முந்துமா, கடல் முந்துமா?

சனிக்கிழமை காலையில் 170ஆம் எண் பேருந்தில் ஜோகூர் பாரு போகிறவர்களுக்கு வேடிக்கை பார்க்க வேண்டிய மட்டும் நேரம் கிடைக்கும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் கடற்பாலத்தின் மேல் வண்டி அங்குலம் அங்குலமாக நகரும். இருபுறமும் தண்ணீர். வரைபடத்தில் அதைக் கடல் என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் அலையைக் காணோம். ஆறு என்று வைத்துக்கொண்டால் ஓட்டம் வேண்டும், அதுவும் இல்லை. நீர் வற்றிய நேரமாக இருந்தால் கரையோரம் கறுத்த சேறு தெரியும், கூடவே அழுகிய முட்டை வாடை. பேருந்தில் யாராவது மூக்கைப் பொத்திக்கொண்டு, "எல்லாம் அந்தப் பக்கத்துச் சாக்கடை" என்பார்கள். அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுவார்கள்.

கடலும் இல்லை, ஆறும் இல்லை என்றால் இது என்ன தண்ணீர்? ஏன் இப்படி அசையாமல் கிடக்கிறது? கடல்மட்டம் ஏறுகிறது என்கிறார்களே, இங்கேயும் ஏறினால் என்ன ஆகும்?

வாடையிலிருந்தே தொடங்கலாம்

அந்த முட்டை வாடைக்குச் சாக்கடை மட்டும் காரணம் இல்லை. ஆள் அரவமே இல்லாத தீவின் சதுப்பிலும் அது உண்டு. சேற்றுக்குள் ஒரு விரற்கடை ஆழம் போனால் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அங்கே வாழும் நுண்ணுயிரிகளுக்கோ தின்பதற்கு நிறைய இருக்கிறது: உதிர்ந்த இலை, செத்த நண்டு, ஆறு அடித்துவந்த குப்பை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அவை அதற்குப் பதிலாகச் சல்ஃபேட்டைப் பயன்படுத்திக்கொள்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் இரண்டரை கிராமுக்கும் மேல் சல்ஃபேட் இருக்கிறது. வேலை முடிந்ததும் அவை கழித்துவிடும் வாயுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு. முட்டை வாடை அதனுடையது. அதே கந்தகம் சேற்றிலுள்ள இரும்போடு சேரும்போது கறுப்பு நிறம் வருகிறது.

குளத்துச் சேற்றில் இந்த வாடை இவ்வளவு வராது, ஏனென்றால் நன்னீரில் சல்ஃபேட் சொற்பம். நடுக்கடல் மணலிலும் வராது, ஏனென்றால் அங்கே மக்கிய இலைதழை போய்ச் சேர்வதில்லை. நிலத்திலிருந்து வரும் இலைதழையும் கடலிலிருந்து வரும் உப்பும் ஒரே இடத்தில் சேர்ந்து, நீரும் மெதுவாக நகர்ந்தால்தான் இது நடக்கும். அந்த இடத்துக்குக் கழிமுகம் என்று பெயர். ஆறு கடலில் கலக்கும், நாளுக்கு இரு முறை கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழி.

ஜோகூர் நீரிணையை ஒரே ஆற்றின் கழிமுகமாகப் பார்க்க முடியாது. மேற்கே தொடங்கிக் கிழக்கே முடியும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளக் கால்வாய் அது. வடக்கிலிருந்து ஸ்கூடாய், தெப்ராவ், ஜோகூர் ஆறுகள் அதில் இறங்குகின்றன. தெற்கிலிருந்து கிராஞ்சி, சிலேத்தார் ஆறுகள் இறங்கின. ஒன்றுக்கு இறந்தகாலம், இன்னொன்றுக்கு நிகழ்காலம் போட்டதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

உப்பு செய்யும் இரண்டு வேலைகள்

கழிமுகத்தின் குணத்தை உப்புதான் தீர்மானிக்கிறது. திறந்த கடலின் ஒரு லிட்டர் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதனால் அது நன்னீரைவிட இரண்டரை விழுக்காடு கனமானது. கேட்கச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் ஆற்றுநீர் மேலே மிதந்து கடலை நோக்கிப் போக, கடல்நீர் அடியில் நுழைந்து ஆற்றுக்குள் ஏறுவதற்கு அது போதும். அடியில் நுழையும் அந்த நீரை உப்பு நாக்கு என்று அழைப்போம். மழைக்காலத்தில் ஆறு அதை வெளியே தள்ளும். வறட்சியில் அது ஊருக்குள்ளேயே நீளும்.

இரண்டாவது வேலையைச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். தோட்டத்துக் களிமண்ணைக் கரைத்து, அந்தக் கலங்கல் தண்ணீரை இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, இரண்டையும் மேசையில் வையுங்கள். சற்று நேரத்தில் உப்புப் போட்ட தம்ளரில் மண் திரிதிரியாகச் சேர்ந்து அடியில் இறங்கத் தொடங்கும். மற்றது கலங்கலாகவே நிற்கும். களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டம் கொண்டவை. உப்பு அந்த விலக்கத்தைத் தணிக்க, அவை ஒட்டிக்கொண்டு கனத்து விழுகின்றன. மண் திரளுதல் என்று இதைச் சொல்லலாம்.

நூறு கிலோமீட்டர் சுமந்துவந்த மண்ணை ஆறு கழிமுகத்தில் வந்து போட்டுவிடுவது இதனால்தான். அந்த மண்மேல்தான் சதுப்புநிலக் காடு வளர்கிறது. தமிழ்நாட்டில் அலையாத்தி என்றும் கண்டல் என்றும் சொல்லும் அதே காடு. உட்லண்ட்ஸ்காரர்கள் அதைப் பார்க்கத் தொலைவு போக வேண்டியதில்லை. அட்மிரல்டி பூங்காவில் பிள்ளைகளைச் சறுக்குமரத்தில் விட்டுவிட்டுப் பத்து நிமிடம் நடந்தால் சுங்கை சீனா ஆறும் அதன் கரையில் கண்டல் மரங்களும் இருக்கின்றன. பெரும்பாலான பெற்றோர் சறுக்குமரத்தோடு திரும்பிவிடுகிறார்கள்.

ஒரு கிலோமீட்டர் கற்சுவர்

இப்போது ஓட்டம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு வருவோம். கடற்பாலத்தின் மேலே பேருந்தில் நிற்கிறவர்கள் பலர், கீழே தூண்கள் இருக்கின்றன, தண்ணீர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிறது என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தூண்கள் கிடையாது. கடலின் அடியிலிருந்து சாலை மட்டம் வரை கருங்கல்லைக் கொட்டி எழுப்பிய சுவர் அது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும் ரயிலில் ஜோகூர் பாரு வரை வந்து, அங்கிருந்து படகில் ஏறி, உட்லண்ட்ஸில் மீண்டும் ரயிலேறின. சரக்கு பெருகப் பெருகப் படகுகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1919இல் வேலை தொடங்கியது. உபின் தீவிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கருங்கல் வந்தது. 1923 செப்டம்பரில் சரக்கு ரயில்கள் ஓடின. 1924 ஜூன் 28 அன்று முறையான திறப்புவிழா. பாலம் கட்டாமல் கல்லைக் கொட்டியதற்குக் காரணம் எளிது: அது கட்டவும் பராமரிக்கவும் வசதி. சிறு படகுகள் போய்வர ஜோகூர்க் கரையோரம் கதவுகள் வைத்த ஒரு நீர்வழியை மட்டும் விட்டிருந்தார்கள். 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது அதுவும் போயிற்று. சாலையை மீண்டும் போட்டார்கள், நீர்வழியைப் போடவில்லை.

கடற்பாலம் வரும் முன் நீரிணை இரு முனையும் திறந்த தெரு. கடல்நீரின் ஏற்றமும் வற்றமும் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் உள்ளே வந்துபோயின. 1923க்குப் பிறகு அது இரண்டு முட்டுச்சந்துகளாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் நீர் நுழைந்த வழியாகவே வெளியேற வேண்டும். மட்டம் மட்டும் ஏறி இறங்குகிறது, பெரிய ஏற்றத்தில் மூன்று மீட்டர் வரைக்கும். ஆனால் சுவரை நெருங்க நெருங்கப் பக்கவாட்டு ஓட்டம் சுருங்கி, சுவரடியில் ஒன்றுமில்லாமல் போகிறது. சந்தின் கடைசியில் இருக்கும் தண்ணீர் வெளிக்கடலுக்குப் போய்ப் புதுநீர் உள்ளே வர நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். பேருந்துச் சன்னலிலிருந்து நாம் பார்ப்பது அந்தக் கடைசியைத்தான்.

இந்த நீரிணையை வீடாகவே கொண்டிருந்தவர்கள் ஒராங் செலேத்தார் மக்கள். படகிலேயே குடியிருந்து, சதுப்புக் கால்வாய்களில் நண்டும் மீனும் பிடித்து வாழ்ந்தவர்கள். சிங்கப்பூரின் வடகரையும் ஜோகூரின் தென்கரையும் அவர்களுக்கு ஒரே ஊர். இன்று அவர்களின் கிராமங்கள் ஜோகூர்ப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பச்சைச் சிப்பி வளர்ப்பும் மீன்பிடியும் பிழைப்பு. நீரிணையில் எது மாறினாலும் முதலில் தெரிய வருவது அவர்களுக்கே.

தேங்கிய நீரின் விலை மீன் பண்ணைக்காரர்களுக்கும் தெரியும். 2015 பிப்ரவரி கடைசியில் நீரிணையின் கிழக்குப் பகுதியில் மிதவைப் பண்ணைகளின் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. இழப்பு 500 டன்னுக்கும் மேல். அதற்கு முந்திய ஆண்டும் ஒரு சாவு, 160 டன். நடந்தது என்னவென்றால், இரு நகரங்களிலிருந்தும் பண்ணைத் தீவனத்திலிருந்தும் நீரில் சேர்ந்த சத்தும், வெயிலும், பலவீனமான ஏற்றவற்றமும் ஒரே நேரத்தில் கூடின. நுண்பாசிகள் பெருகின. சில வகைப் பாசிகள் மீனின் செவுளைத் தாக்கும். மற்றவை செத்து அழுகும்போது ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். நீர் சூடாகும் அளவுக்கு அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும் என்பதால் புவி வெப்பமடைதல் இங்கே எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிறது. ஆனால் அடுப்பை மூட்டியது அது இல்லை. காலநிலையின் மேல் பழியைப் போட்டுவிட்டு மற்றதை மறப்பது சுலபம் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

மூடிய ஆற்று வாய்கள்

கிராஞ்சி ஆறு "இறங்கியது" என்று எழுதியதற்குக் காரணம் 1975. அந்த ஆண்டு கிராஞ்சிக் கழிமுகத்தின் குறுக்கே அணை எழுந்தது. உப்புநீர் வெளியே நிறுத்தப்பட்டு, உள்ளே நன்னீர்த் தேக்கம் உருவானது. 1981இல் சரிம்பூன், மூராய், போயான், தெங்கே ஆகிய மேற்கு ஆறுகளின் வாய்கள் மூடப்பட்டன. 1986இல் லோவர் சிலேத்தார். 2008இல் தெற்கே மரினா அணைக்கட்டு. 2011இல் பொங்கோல், சிராங்கூன். சிங்கப்பூரின் 17 நீர்த்தேக்கங்களில் பெரும்பாலானவை முன்பு கழிமுகங்களாக இருந்தவையே.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாத தீவு, பெய்யும் மழையைக் கடலில் விட்டுக்கொண்டிருக்க முடியாது. குழாயைத் திறக்கும் ஒவ்வொருவரும் அந்த அணைகளின் பயனாளிதான். ஆனால் அணை தண்ணீரை மட்டும் நிறுத்துவதில்லை, மண்ணையும் நிறுத்துகிறது. அணைக்குள் ஆற்றின் வேகம் குறையும், மண் அங்கேயே படியும். உப்பைச் சந்தித்துத் திரளும் வாய்ப்பே அதற்கு வாய்ப்பதில்லை.

உலகம் முழுக்க இதே கதை. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் வோல்டா ஆற்றில் 1965இல் அகோசோம்போ அணை முடிந்தது. அப்போதே கடலரிப்பில் தவித்துக்கொண்டிருந்த கீட்டா ஊரின் கரைக்கு வர வேண்டிய மணல் அதன்பின் இன்னும் குறைந்தது. நம் காவிரியிலும் மேட்டூர் அணை 1934இல் வந்த பிறகு கடைமடைக்கு அப்பால் போய்ச் சேரும் நீரும் வண்டலும் முன்போல் இல்லை.

ஒரே கழிமுகத்தில் வெள்ளமும் வறட்சியும்

நீரிணையில் இன்னும் பெரிய ஆறாகத் திறந்து ஓடுவது ஜோகூர் ஆறு. கிழக்குப் பகுதியில், உபின் தீவுக்கு எதிரே கடலில் கலக்கிறது. பத்து ஆண்டு இடைவெளியில் அந்த ஒரே ஆறு இரண்டு எதிரெதிர்ப் பாடங்களை நடத்தியது.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரில் கொட்டிய மழையில் ஆற்றங்கரை ஊரான கோத்தா திங்கி மூழ்கியது. அவ்வளவு நன்னீரும் கழிமுகம் வழியாக இறங்கியது. உபின் தீவின் செக் ஜாவா கரையில் கடற்பஞ்சுகளும் கடற்சாமந்திகளும் கூட்டமாகச் செத்தன. நஞ்சு ஏதும் இல்லை, எண்ணெய்க் கசிவும் இல்லை. நீரில் உப்பு குறைந்துவிட்டது, அவ்வளவுதான். ஐந்தாண்டுகளுக்கு முன்னால் மக்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் மண் நிரப்பும் திட்டத்திலிருந்து அரசாங்கம் விட்டுவைத்த கரை அது. மண்ணிலிருந்து தப்பியதை மழை விடவில்லை. பிறகு அது மெல்லத் தேறிக்கொண்டது வேறு விஷயம்.

2016இல் நேர்மாறு. 1962 உடன்பாட்டின்படி சிங்கப்பூர் இந்த ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். ஆனால் மழை பொய்த்தால் உப்பு நாக்கு ஆற்றுக்குள் நீண்டு, நீர் எடுக்கும் இடம் வரை வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஆற்றின் மேற்பகுதியில் லிங்கியூ நீர்த்தேக்கத்தைச் சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் 1990களில் கட்டியது. அங்கிருந்து நீரைத் திறந்துவிட்டு உப்பைக் கீழே தள்ளிவைப்பது ஏற்பாடு. 2016 அக்டோபரில் லிங்கியூவின் இருப்பு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. நமக்கு ஒன்றும் தெரியவில்லை. குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. ஓர் உப்பு நாக்கைத் தள்ளிப்பிடிக்க ஓர் ஏரியே கரைந்துகொண்டிருந்தது.

சூடான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், பெய்யும்போது கூடுதலாகப் பெய்யும், பெய்யாத மாதங்களில் நிலத்தைக் கூடுதலாக உலர்த்தும். ஆகவே இவை இரண்டுமே வருங்காலத்தில் அடிக்கடி வரக்கூடியவை. அதோடு கடல்மட்டமும் உயர்ந்தால், உப்பு நாக்குக்கு அது ஒரு தள்ளு. அதே ஏரி நீரைக்கொண்டு இன்னும் உயர்ந்த கடலைத் தள்ள வேண்டியிருக்கும்.

மண்டாய்ச் சேற்றில் ஒரு கணக்கு

கடற்பாலத்துக்கு மேற்கே, கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து எட்டும் தூரத்தில், சுங்கை மண்டாய் ஆறு நீரிணையில் கலக்கிறது. அங்கே ஒரு சேற்றுத்திட்டும் சதுப்புநிலக் காடும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. 1819இல் தீவின் நிலப்பரப்பில் சுமார் 13 விழுக்காடு இப்படிப்பட்ட காடாக இருந்தது. இன்று ஏறத்தாழ ஒரு விழுக்காடு. மண்டாயின் 72.8 ஹெக்டரை இயற்கைப் பூங்காவாக்கப்போவதாக 2018இல் அறிவித்தார்கள்.

நீர் வற்றும்போது அந்தச் சேற்றுக்கு வருகிறவர்கள் சைபீரியாவிலிருந்துகூடப் பறந்துவரும் விருந்தாளிகள். பவளக்கால் உள்ளான், உப்புக்கொத்தி வகைகள். நீர் ஏறியதும் பக்கத்திலுள்ள சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்குப் பறந்து ஓய்வெடுக்கும். சுங்கை பூலோவுக்குப் போய்ப் படம் எடுக்கிறவர்களுக்கு அந்தப் பறவைகள் சாப்பிட்டது மண்டாயில் என்பது தெரியாமல் இருக்கலாம். சேற்றில் குதிரைலாட நண்டுகளும் உண்டு. கவிழ்த்துவைத்த கிண்ணம் போன்ற ஓடு, பின்னால் குச்சி போன்ற வால். சேற்றை உழுதுகொண்டு போகும், பின்னால் கோடு விழும். வலையில் சிக்கியவற்றை எடுத்துவிடவும் எண்ணிக்கை எடுக்கவும் தன்னார்வலர்கள் சேற்றில் முழங்கால்வரை இறங்குகிறார்கள்.

இந்தக் காடு கடல்மட்ட உயர்வைத் தாங்குமா? எளிய எண்களால் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, முறை உண்மையானது.

சதுப்புநில மரங்கள் பொதுவாகச் சராசரிக் கடல்மட்டத்துக்கும் மிகப்பெரிய ஏற்றத்தின் மட்டத்துக்கும் இடையிலுள்ள தரையில்தான் வாழும். அதற்குக் கீழே போனால் வேர் மூச்சுவிட நேரம் போதாது. இந்த இரண்டு மட்டத்துக்கும் உயர வித்தியாசம் ஒன்றரை மீட்டர் என்றும், காட்டின் அகலம் 100 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் கடலோரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே நடந்தால் தரை 15 மில்லிமீட்டர் உயர்கிறது.

கடல் ஆண்டுக்கு 4 மில்லிமீட்டர் ஏறுகிறது, சேறும் 4 மில்லிமீட்டர் ஏறுகிறது என்றால் காட்டுக்கு ஒன்றும் ஆகாது. கடலுக்கு ஈடாகத் தானும் உயர்ந்துகொண்டே போகும். உலகச் சராசரிக் கடல்மட்ட உயர்வு இப்போது இந்த 4 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. சேறு உயர்வது புதிதாக வந்து படியும் மண்ணால் மட்டுமல்ல. செத்த வேர்கள் அந்த ஆக்சிஜன் இல்லாத சேற்றில் மக்காமல் தங்கி, அடியிலிருந்தும் தரையைத் தூக்கும். நாம் மூக்கைப் பொத்திய அதே சேறு.

அடுத்து, சிங்கப்பூரின் மூன்றாம் தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு 2024 ஜனவரியில் சொன்ன எண்ணை எடுப்போம். 2100க்குள் கடல்மட்டம் 0.23 முதல் 1.15 மீட்டர் வரை உயரலாம். மேல் எண்ணை ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 12 மில்லிமீட்டர். சேறு 4 மில்லிமீட்டர் மட்டும் ஏறினால் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர் பாக்கி. 15க்கு 8 என்றால், காட்டின் கடலோர விளிம்பு ஆண்டுக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல் பின்வாங்க வேண்டும். 50 ஆண்டில் 27 மீட்டர். ஆற்று வாய்கள் மூடியதால் மண்வரத்து குறைந்து, சேறு 2 மில்லிமீட்டர்தான் ஏறுகிறது என்று வைத்தால் பாக்கி 10 மில்லிமீட்டர், 50 ஆண்டில் 33 மீட்டர். காட்டில் மூன்றில் ஒரு பங்கு.

பின்னால் காலி நிலம் இருந்தால் இதுவும் ஒரு பேரிழப்பு இல்லை. முன்னால் மரம் சாக, பின்னால் புதுக் கன்று முளைக்கும். காடே நடந்து உள்ளே போகும். சேற்றுக்கும் கடலுக்கும் உள்ள பந்தயத்தில் தோற்றாலும் பின்வாசல் உண்டு. மண்டாய்க்குப் பின்னால் இருப்பதோ சாலையும் சுங்கை காடுட் தொழிற்பேட்டையும்.

இந்தக் கணக்கு வெறும் காகிதக் கணக்கா என்று சந்தேகம் வரலாம். பழைய சேறு பதில் வைத்திருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் மரினா சவுத்தில் 40 மீட்டர் ஆழம் வரை துளையிட்டு எடுத்த படிவத்தை ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன், பனியூழி முடிந்து கடல் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், அந்த இடத்தில் சதுப்புநிலக் காடு இருந்தது. 300 ஆண்டுகள்தான் நீடித்தது. அப்போது கடல் ஏறிய வேகம் ஆண்டுக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர். உலகின் பல கரைகளின் படிவங்களை ஒப்பிட்டு 2020இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வும் இதையே சொல்கிறது: ஆண்டுக்கு 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் சதுப்புநிலக் காடுகள் ஈடுகொடுப்பது அரிது. மேலே போட்ட 12 அதற்கு இரண்டு மடங்கு. கீழ் எண்ணான 0.23 மீட்டரைப் பங்கிட்டால் வருவதோ ஆண்டுக்கு இரண்டரை மில்லிமீட்டர்தான். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பது உலகம் எரிக்கப்போகும் நிலக்கரியும் எண்ணெயும். அதை உட்லண்ட்ஸில் முடிவு செய்ய முடியாது. மண்வரத்தையும் பின்வாசலையும் இங்கே முடிவு செய்யலாம்.

கடற்பாலத்தைத் திறந்துவிட்டால்?

இவ்வளவையும் கேட்டவர்கள் அடுத்துக் கேட்பது இதுதான். சுவர்தானே பிரச்சினை, உடைத்துவிட்டால் என்ன? யோசனை புதிதல்ல. கடற்பாலத்துக்குப் பதிலாக உயரமான வளைவுப் பாலம் கட்ட மலேசியா திட்டமிட்டு, 2006இல் கைவிட்டது. அது கப்பல் போக்குவரத்துக்கும் நெரிசலுக்கும் எழுந்த யோசனை, சேற்றுக்காக எழுந்ததல்ல. 1998இல் திறந்த துவாஸ் இரண்டாம் பாலம் தூண்களின் மேல் நிற்கிறது, அடியில் நீர் தாராளமாகப் போகிறது. உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூர் பாருக்குப் போகும் புதிய ரயில் பாதையும் தூண்களின் மேல்தான். ஆக, இப்போது கட்டுகிறவர்கள் யாரும் கடலில் கல்லைக் கொட்டுவதில்லை.

இருந்தாலும் நூறாண்டு மூடியிருந்ததைத் திறப்பது, மூடுவதற்கு முன்பிருந்த நிலையைத் திருப்பித் தந்துவிடாது. செனகலில் ஒரு நகரம் இதை அனுபவித்தது. செனகல் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது செயிண்ட் லூயி. ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே ஒடுக்கமான நீண்ட மணல்திட்டு ஒன்று நகருக்கும் தெற்கே நீளும். 1986இல் மேலே ஜாமா அணை கட்டி உப்பு ஆற்றுக்குள் ஏறாமல் தடுத்திருந்தார்கள். 2003 அக்டோபரில் வெள்ளம் நகருக்குள் வரும்போல் இருந்தது. அவசரத்துக்கு மணல்திட்டின் குறுக்கே 4 மீட்டர் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். வெள்ளம் வடிந்தது, நகரம் பிழைத்தது. வாய்க்கால் மூடவில்லை. நாட்கணக்கில் நூற்றுக்கணக்கான மீட்டராக விரிந்து, பின் கிலோமீட்டர்களில் அளக்கும் புதிய ஆற்று வாயாகவே ஆகிவிட்டது. பழைய வாய் தூர்ந்தது. ஏற்றவற்றம் நேராக உள்ளே பாய்ந்தது, கிணறுகளும் காய்கறித் தோட்டங்களும் உப்பாயின. டூன் பாபா ஜெய் என்ற மீனவக் கிராமம் நீரில் போயிற்று. சென்னை அடையாற்று முகத்துவாரத்தில் மணல் அடைக்கும்போதெல்லாம் இயந்திரம் வைத்துத் தோண்டுவதைப் பார்த்தவர்களுக்கு 4 மீட்டர் என்பது ஒரு காலை நேர வேலையாகத் தோன்றும்.

உட்லண்ட்ஸில் மணல்திட்டு இல்லை, கருங்கல் இருக்கிறது. ஆகவே அப்படியே நடக்காது. ஆனால் சுவரடியில் நூறாண்டாகப் படிந்த மெல்லிய சேறு ஓட்டம் வந்தால் கிளம்பும். அதோடு அதில் தங்கியிருக்கும் கழிவுகளும் கிளம்பும். அமைதியான நீரை நம்பி வளர்ந்திருக்கும் சேற்றுத்திட்டுகளும் அரிபடலாம். மீன் பண்ணைகளுக்கு நல்ல நீர் கிடைக்கலாம். கடல்மட்டம் மட்டும் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. நீரோட்டத்தை ஓரளவு அனுமதிக்கும் திறப்புகளைச் சுவரில் வைத்து, மாதிரிகளில் ஓட்டிப் பார்த்துச் சிறுகச் சிறுகச் செய்யலாம் என்பது என் எண்ணம். அதற்கும் இரண்டு நாடுகள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். தண்ணீர் விலையைப் பேச உட்காருகிறவர்கள் சேற்றைப் பேச உட்கார்ந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

பின்வாசல் அப்படியல்ல. அது முழுக்க இந்தக் கரையின் விஷயம். 2020 முதல் கடலோரப் பாதுகாப்புக்குப் பொதுப் பயனீட்டுக் கழகம் பொறுப்பேற்றிருக்கிறது. லிம் சூ காங், சுங்கை காடுட் உள்ளிட்ட வடமேற்குக் கரை அதன் ஆய்வில் இருக்கிறது. அதே ஆண்டு சுங்கை காடுட்டின் பழைய மரப்பட்டறைகளும் அறைகலன் கூடங்களும் நிறைந்த ஏறத்தாழ 500 ஹெக்டரைப் புதுப்பிக்கும் திட்டத்தையும் அரசின் தொழில்நில அமைப்பான ஜேடிசி அறிவித்தது. கடலோரமாகவே ஒரு சுவரை எழுப்பினால் காடு அதற்கும் கடலுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். சுவரைச் சற்று உள்ளே தள்ளி, நடுவில் சரிவான மண்ணை விட்டால் காடு ஏறிவரும், வந்த காடு அலையின் வேகத்தைத் தணித்துச் சுவரின் உயரத்தையும் கொஞ்சம் குறைக்கும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதற்கு மேலே போட்ட கணக்கில் விடை வந்துவிட்டது: நான் வைத்துக்கொண்ட எண்களின்படி 50 ஆண்டுக்கு 33 மீட்டர். அந்தக் கரையில் அது ஒரு லாரி நிறுத்துமிடத்தின் அகலம்.